செல்வாக்கு மதிப்பெண்களின் நம்பகம்

தோற்றுவாய்

மக்களிடையே செல்வாக்குப் பெற்றவர் யாவர் என்னும் வினா பழமையானது. அதற்கு ஓர் எண்ணால் விடை கூறிவிடலாம் என்னும் துணிவு புதியது. அண்மையில் எம்மிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குத் திட்டம் கொணர்ந்த மாணவர் ஒருவர், இக்காலத் தமிழ்க் கவிஞருள் செல்வாக்கு மிக்க பதின்மரைத் தம் ஆய்பொருளாகக் கொண்டிருந்தார். அப்பதின்மரையும் எவ்வாறு தேர்ந்தீர்கள் என வினவினோம். சமூக ஊடகங்களில் அவர்களைப் பின்தொடர்வோர் தொகையையும், இணையத்தில் கிடைக்கும் கருவி ஒன்று அவர்களுக்கு வழங்கிய மதிப்பெண்ணையும் கொண்டு தேர்ந்ததாக அவர் கூறினார். “எண் ஒருபால் கோடாதன்றோ, ஐயா?” எனவும் கேட்டார். அன்று அவ்வினாவுக்கு எம்மால் நிறைவான விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

இத்தகைய மதிப்பெண்கள் பல தோன்றி மறைந்துள்ளன. அவற்றுள் பெரிதும் பேசப்பட்டதும், பிறப்பும் வளர்ச்சியும் முடிவும் தெளிவாக அறியக் கிடப்பதும் ‘கிளௌட்’ என்பதாகும். ஆதலின் அதனையே சான்றாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

அளவையின் இரு தகுதிகள்

ஓர் அளவை ஏற்கத்தக்கதாதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒரே பொருளை மீண்டும் மீண்டும் அளக்குங்கால் ஒரே விடை தருதல் முதல் தகுதி. இதனை நம்பகம் என்போம். எதனை அளப்பதாகச் சொல்லப்படுகின்றதோ அதனையே மெய்யாக அளத்தல் இரண்டாம் தகுதி. இதனை ஏற்புடைமை என்போம்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. கடைத்தெருவில் எடை குறைந்த படிக்கல்லை வைத்து நிறுக்கும் வணிகன், நூறு முறை நிறுத்தாலும் ஒரே விடையையே காட்டுவான். அவ்விடை மாறாதது, ஆயினும் மெய்யன்று. அங்கே நம்பகம் உண்டு, ஏற்புடைமை இல்லை. நம்பகம் இன்றி ஏற்புடைமை நிற்றல் அரிது. ஆனால், நம்பகம் இருப்பது கொண்டே ஏற்புடைமையும் உண்டு எனத் துணிதல் கூடாது. செல்வாக்கு மதிப்பெண்களைப் பற்றிய குழப்பங்கள் பல இவ்வேறுபாட்டை மறத்தலால் விளைவன.

கிளௌட்டின் வரலாறு

அமெரிக்க நாட்டில் 2008ஆம் ஆண்டில் ஜோ பெர்னாண்டஸ் என்பார் கிளௌட் நிறுவனத்தைத் தொடங்கினார். செல்வாக்கு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றி அமைத்த பெயர் அது. டுவிட்டர், முகநூல் முதலிய ஊடகங்களில் ஒருவர் எழுதுவனவற்றைப் பிறர் எத்துணை மறுபகிர்வு செய்கின்றனர், எத்துணைப் பேர் விடையிறுக்கின்றனர், அங்ஙனம் செய்வோர் எத்தகைய செல்வாக்குடையோர் என்பனவற்றைத் திரட்டி, 1 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணை அந்நிறுவனம் வழங்கியது. அண்மைக் காலத்து 90 நாள்களின் நிகழ்ச்சிகளே இம்மதிப்பெண்ணுக்கு அடிப்படையாயின.

இம்மதிப்பெண் வெறும் விளையாட்டாக நின்றுவிடவில்லை. மதிப்பெண் மிக்கார்க்கு வணிக நிறுவனங்கள் தம் பொருள்களை விலையின்றி வழங்கின. 2012ஆம் ஆண்டில் கேத்தே பசிபிக் வானூர்தி நிறுவனம், 40க்குக் குறையாத கிளௌட் மதிப்பெண் உடையார்க்குச் சான் பிரான்சிஸ்கோ நிலையத்துத் தன் ஓய்வறையைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் ‘வயர்டு’ இதழ் வெளியிட்ட கட்டுரை ஒன்று, விளம்பரத் துறையில் 15 ஆண்டு பட்டறிவுடைய ஒருவர் தம் மதிப்பெண் 34 என்பதால் வேலை வாய்ப்பை இழந்த செய்தியைக் கூறிற்று. ஒருவர் வாழ்க்கையின் போக்கை மாற்றும் ஆற்றலை ஓர் எண் பெற்றுவிட்டபின், அதன் தகுதியை ஆராய்தல் கடமையாகின்றது.

2014ஆம் ஆண்டில் கிளௌட் நிறுவனத்தை லித்தியம் டெக்னாலஜிஸ் என்னும் நிறுவனம் வாங்கிற்று. 2018 மே 25ஆம் நாள் கிளௌட் மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைத் தரவுப் பாதுகாப்பு நெறிமுறை நடைமுறைக்கு வந்த நாளும் அதுவே. பத்தாண்டுக் காலம் கோடிக்கணக்கானோரை எடைபோட்ட அளவுகோல் ஒரே நாளில் இல்லாதொழிந்தது. பழைய மதிப்பெண்களை மீட்டுச் சரிபார்க்கும் வாயிலும் அதனோடு அடைபட்டது.

நம்பகம் பற்றிய ஆராய்ச்சி

2011 அக்டோபர்த் திங்களில் கிளௌட் தன் கணக்கீட்டு நெறியை மாற்றியது. பலருடைய மதிப்பெண்கள் ஒரே நாளில் சரிந்தன, பெருங்கூச்சல் எழுந்தது. அந்நாளில் அம்மனிதர்கள் புதிதாக எதுவும் செய்தாரல்லர். அவர்களைப் பின்பற்றியோரும் அகன்றாரல்லர். பொருள் மாறவில்லை, கோலே மாறிற்று. புதிய நெறி பழையதினும் திருத்தமானது என்றது நிறுவனம். அங்ஙனமாயின், அதற்கு முந்திய நாள்வரை வழங்கிய எண்களைக் கொண்டு பிறர் செய்த முடிவுகள் யாவை ஆவன? இவ்வினாவுக்கு விடை இல்லை.

2012 ஆகஸ்டுத் திங்களில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அதுகாறும் 100க்கும் குறைவான குறிகளைக் கணக்கில் கொண்ட நெறி, 400க்கும் மேற்பட்ட குறிகளைக் கொள்ளலாயிற்று. ஒருவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரையின் முதன்மையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்ந்தது. இம்மாற்றத்திற்கு முன் பாடகர் ஜஸ்டின் பீபரின் மதிப்பெண் 100. அக்கால் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பராக் ஒபாமாவின் மதிப்பெண் அதனினும் குறைவு. மாற்றத்திற்குப்பின் ஒபாமா முந்தினார்.

இந்நிகழ்ச்சி ஊன்றி நோக்கத்தக்கது. பாடகரினும் குடியரசுத் தலைவரே உலக நிகழ்ச்சிகளை மிகுதியும் மாற்ற வல்லார் என்பதை மதிப்பெண் எவர்க்கும் அறிவிக்கவில்லை. அஃது அனைவரும் முன்பே அறிந்தது. அறிந்ததற்கு மாறாக எண் நின்றதால் எண் திருத்தப்பட்டது. அஃதாவது, எண்ணை வைத்து மக்கள் செல்வாக்கை அறிந்தாரல்லர். செல்வாக்கைப் பற்றிய முன்னறிவை வைத்து எண்ணைச் சீர்செய்தனர். நன்கறிந்த இருவர் திறத்து இத்திருத்தம் இயலும். அவ்வளவு அறியப்படாத கவிஞர் ஒருவருக்கோ சிற்றூர் ஆசிரியர் ஒருவருக்கோ எண் தவறாக அமையின், அதனைத் தவறு என்று காட்டும் முன்னறிவு எவரிடம் இருக்கும்? எண் எவ்விடத்துத் தேவைப்படுகின்றதோ அவ்விடத்திலேயே அதனைச் சரிபார்க்கும் வழி இல்லாமற் போகின்றது.

ஏற்புடைமை பற்றிய ஆராய்ச்சி

இனி, இம்மதிப்பெண்கள் மெய்யாகவே செல்வாக்கை அளக்கின்றனவா என்பதைக் காண்போம்.

மியோங் சா முதலிய அறிஞர் நால்வர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. டுவிட்டரில் ஏறத்தாழ 5.4 கோடிப் பயனரையும், அவர்கட்கிடையே இருந்த 190 கோடிப் பின்தொடர்தல் உறவுகளையும், 170 கோடிக்கு மேற்பட்ட பதிவுகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். பின்தொடர்வோர் தொகை, மறுபகிர்வுத் தொகை, பெயர் சுட்டப்படும் தொகை என மூன்று அளவைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதலிடங்களில் நிற்போரை ஒப்பிட்டனர். மூன்று பட்டியல்களிலும் பொதுவாக நின்றோர் மிகச் சிலரே. பின்தொடர்வோர் மிக்கவர் பிறரைப் பேசவோ பகிரவோ செய்பவராகவே இருப்பர் என்பதில்லை என்பது அவர்கள் கண்ட முடிபு. ஒரே பொருளை அளப்பனவாகச் சொல்லப்படும் மூன்று கோல்கள் மூவேறு விடை தருமாயின், அவை அளக்கும் பொருள் ஒன்றன்று என்பது பெறப்படும். அம்மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குதல், நீளத்தையும் எடையையும் வெம்மையையும் கூட்டி ஒரு தொகை சொல்வதை ஒக்கும்.

இதனினும் ஆழமான இடர் ஒன்று உண்டு. ஒருவர் செய்ததைப் பின்னர் மற்றொருவரும் செய்கின்றார் எனின், முன்னவர் பின்னவரைத் தூண்டினார் என்று கொள்ளலாமா? இருவரும் இயல்பிலேயே ஒத்த விருப்பினராய், ஒருவர் தூண்டாமலே இருவரும் அதனைச் செய்திருத்தலும் கூடும். ஒத்தார் ஒத்தாரோடு நட்பாதல் உலக இயல்பு. சினான் ஆரல், லெவ் முச்னிக், அருண் சுந்தரராஜன் ஆகிய மூவரும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 2.74 கோடிப் பயனரைக் கொண்ட செய்திப் பரிமாற்ற வலை ஒன்றில் இச்சிக்கலை ஆராய்ந்தது. புதிய சேவை ஒன்றை நண்பர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏற்றதில், தொற்றியது போலத் தோன்றியதன் பாதிக்குமேல் ஒத்த இயல்பாலேயே விளக்கத்தக்கது என அவர்கள் கண்டனர். முந்தைய முறைகள் செல்வாக்கை 300 முதல் 700 விழுக்காடு வரை மிகைப்படுத்தின என்பதும் அவர்கள் கணிப்பு.

இதனால் ஒன்று தெளிவாகும். ஊடகத்தில் எண்ணத்தக்கது எதிர்வினை. அறிய வேண்டியது விளைவு. ஒரு கட்டுரையைப் படித்து விருப்பக்குறி இட்டவர் அதனால் மனம் மாறினாரா, முன்பே அக்கருத்தினரா, படியாமலே குறியிட்டாரா என்பதை எண் சொல்லாது. குறி ஒன்றும் இடாமல் படித்துத் தம் வாழ்வையே மாற்றிக்கொண்டவர் அவ்வெண்ணில் இடம்பெறவும் மாட்டார்.

எண்ணை நோக்கிய முயற்சிகள்

அளவை ஒன்று பரிசிலுக்கு வாயிலாகும்போது, மக்கள் பொருளை விட்டு அளவையையே நாடுவர். பொருளியலறிஞர் சார்லஸ் குட்கார்ட் 1975ஆம் ஆண்டில் பணக் கொள்கை பற்றி இத்தகையதொரு கருத்தைக் கூறினார். ஓர் அளவை இலக்காகிவிடின் நல்ல அளவையாதலை இழக்கும் என்னும் வடிவில் அஃது இன்று குட்கார்ட் விதி எனப் பரவலாக வழங்குகின்றது.

செல்வாக்கு மதிப்பெண் இவ்விதிக்குத் தக்க சான்று. பிரேசில் நாட்டு ஆய்வாளர் சிலர் டுவிட்டரில் தானியங்கிக் கணக்குகளை அமைத்து, மிக எளிய உத்திகளால் அவை கிளௌட் முதலிய கருவிகளில் செல்வாக்குடையனவாக மதிக்கப்படுதலை 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். உயிரும் கருத்தும் அற்ற கணக்குக்குச் செல்வாக்கு உண்டு எனக் கூறும் அளவையின் ஏற்புடைமையை விரித்துரைத்தல் வேண்டா.

பின்தொடர்வோரை விலைக்கு விற்கும் வணிகமும் தழைத்தது. 2018 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் இவ்வணிகத்தை விரிவாக வெளிப்படுத்திற்று. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் டுவிட்டர், ஐயத்திற்குரியனவாகப் பூட்டி வைத்த கணக்குகளைப் பின்தொடர்வோர் தொகையினின்று நீக்கியபோது, புகழ் மிக்கார் பலர் இலக்கக்கணக்கில் பின்தொடர்வோரை இழந்தனர். முந்திய நாள் அத்தொகைகளைக் கொண்டு தரவரிசை அமைத்த ஆய்வு எதுவாயினும், மறுநாள் அதன் அடித்தளம் ஆட்டங்கண்டது.

ஒரு மறுப்பும் விடையும்

இங்ஙனமாயின் இம்மதிப்பெண்கள் முற்றும் பயனற்றனவா எனின், அல்ல. எதிர்ப்பக்கத்துச் சான்றையும் நடுநின்று கூறுதல் ஆய்வுக்கு அழகு.

கிளௌட் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் தம் முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். ஒன்பது ஊடகங்களில் 75 கோடிப் பயனர்க்கு நாள்தோறும் மதிப்பெண் வழங்கியதையும், 3600க்கு மேற்பட்ட கூறுகளைக் கொண்டதையும் அதில் எடுத்துரைத்தனர். மதிப்பெண் மிக்கார் செய்தியை மிகுதியும் பரப்புகின்றனர் என்பதே அவர்கள் காட்டிய முதன்மைச் சான்று. இது பொய்யன்று. ஆயின், பரவலைத் தரும் எதிர்வினைகளைக் கொண்டு அமைத்த எண், பின்னர் அப்பரவலோடு ஒத்து நிற்றல் வியப்பன்று. நேற்று மிகுதியும் பகிரப்பட்டவர் இன்றும் பகிரப்படுவார் என்பதை அது மெய்ப்பிக்கின்றது. செல்வாக்கு என்பது அதுதான் என்பதை அது மெய்ப்பிக்கவில்லை.

பக்சி முதலியோர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை வரையறை செய்ய உதவுகின்றது. 16 இலக்கம் டுவிட்டர்ப் பயனரிடையே 2009ஆம் ஆண்டில் நிகழ்ந்த 7.4 கோடிப் பரவல் நிகழ்ச்சிகளை அவர்கள் ஆராய்ந்தனர். பின்தொடர்வோர் மிக்கவரும், முன்னர்ப் பரப்பி வென்றவரும் சராசரியாகப் பெரும் பரவலைத் தோற்றுவித்தனர். ஆனால், இன்னவர் எழுதும் இது பரவும் எனத் தனியொருவர்க்கும் தனியொரு பதிவுக்கும் முன்னுரைத்தல் நம்பத்தக்கதாக இல்லை. ஆகவே, பெருந்தொகையினரைப் பொதுப்பட நோக்குங்கால் இவ்வெண்கள் சிறிது ஒளி தரும். தனியொருவர் தகுதியைத் தீர்க்குங்கால் தாரா. ஆயினும் அவை மிகுதியும் பயன்படுத்தப்பட்டது இப்பிற்கூறிய வகையிலேயே என்பது வருந்தத்தக்கது.

தமிழாய்வாளர்க்கு இதனால் பெறப்படுவன

இப்பொருள் நமக்கு அயலானதன்று. பாடவேறுபாடு ஆராய்வோர் சுவடிகளை எண்ணுவதோடு அமையார், எடைபோடுவர். ஒரு பாடம் இருபது சுவடிகளில் காணப்படலாம். அவ்விருபதும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டனவாயின், அவை இருபது சான்றுகள் ஆகா. ஒரு சான்றே ஆகும். வேறு வழியில் வந்த ஒற்றைச் சுவடியின் பாடம் அவற்றினும் சிறத்தல் கூடும். மறுபகிர்வுகளும் இத்தகையனவே. ஆயிரவர் பகிர்ந்தனர் என்பது கொண்டு ஆயிரவர் தனித்தனியே ஆய்ந்து ஏற்றனர் எனக் கொள்ளல் பொருந்தாது.

காலத்தைப் பற்றியும் நாம் கருதுதல் வேண்டும். 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றி வினவியபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் முறையாகப் பாடங்கேட்டிருந்த உ. வே. சாமிநாதையர் அந்நூலை அதற்குமுன் பயின்றாரல்லர். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கலம்பகமும் அந்நாளில் பெருவழக்காக இருந்தன. 1887ஆம் ஆண்டில் ஐயர் அவர்கள் சிந்தாமணியைப் பதிப்பித்தார்கள். தொடர்ந்து பத்துப்பாட்டும் புறநானூறும் பிறவும் அவர்கள் கையால் வெளிவந்தன. அதன்பின் தமிழ்க் கல்வியின் போக்கே மாறிற்று. 1880ஆம் ஆண்டின் 90 நாள்களைக் கொண்டு நூல்களுக்குச் செல்வாக்கு மதிப்பெண் இட்டிருப்பின், சிந்தாமணி பெற்றிருக்கும் எண் யாதாக இருக்கும்? அவ்வெண் அந்நாளைய வழக்கைச் சரியாகவே காட்டியிருக்கும். ஆனால் அந்நூலின் ஆற்றலைப் பற்றி ஒன்றும் சொல்லியிராது.

நம் எழுத்துகளும் இன்று எண்ணப்படுகின்றன. ஹிர்ஷ் என்பார் 2005ஆம் ஆண்டில் வகுத்த குறியீட்டின்படி, ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையேனும் மேற்கோளாக ஆளப்பட்டு, பதினொன்றுக்கு அங்ஙனம் அமையாவிடின் அவர் குறியீடு 10 ஆகும். ஆய்வுக் கட்டுரைகள் சமூக ஊடகங்களில் பேசப்படுவதைத் திரட்டி எண்ணாக்கும் ‘ஆல்ட்மெட்ரிக்’ என்னும் கருவியும் வழக்கில் உள்ளது. தன் எண் கவனத்தைக் காட்டுவதே அன்றித் தரத்தைக் காட்டுவதன்று என அந்நிறுவனமே அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பைப் படியாது எண்ணை மட்டும் படிப்போரே மிகுதி. உலகளாவிய மேற்கோள் தரவுத் தொகுப்புகளில் தமிழில் வெளிவரும் நூல்களும் இதழ்களும் மிகக் குறைவாகவே இடம்பெற்றுள்ளன. எண்ணப்படாதது இல்லாததாகக் கருதப்படும் இடத்தில், தமிழில் எழுதும் ஆய்வாளர் தம் குற்றமின்றியே குறைந்து தோன்றுவர்.

ஆகவே, சமூக ஊடக எண்களைச் சான்றாக ஆள விழையும் ஆய்வு மாணவர் நான்கினைக் கடைப்பிடித்தல் நன்று என யாம் கருதுகின்றோம். தொகுத்த எண்ணை விடுத்து, எண்ணப்பட்ட பொருளையே பெயர் சுட்டி எழுதுக. ‘செல்வாக்கு 72’ என்னாது, ‘இத்தனை மறுபகிர்வு’ என்க. எடுத்த நாளையும் முறையையும் குறிக்க. ஊடக நிறுவனம் தன் வாயிலை எந்நாளும் அடைத்தல் கூடும். டுவிட்டர் 2023ஆம் ஆண்டில் ‘எக்ஸ்’ எனப் பெயர் மாறியதோடு, ஆய்வாளர்க்கு அதுகாறும் விலையின்றிக் கிடைத்த தரவு வழியையும் மூடியது. மூன்றாவதாக, எண்ணுக்குப் புறத்தேயுள்ள சான்று ஒன்றேனும் காட்டுக. பிற கவிஞர் எடுத்தாண்ட சொல்லும் வடிவமும், பாடத்திட்டங்களில் பெற்ற இடமும், மறுபதிப்புகளும் அத்தகையன. இறுதியாக, தனியொருவர் தகுதியை எண் ஒன்றால் தீர்க்காது ஒழிக.

முடிவுரை

செல்வாக்கு மதிப்பெண்கள் கோல் மாறுந்தோறும் மாறுவன. ஆதலின் அவற்றின் நம்பகம் குறையுடையது. அவை எதிர்வினையை எண்ணி விளைவு எனக் கூறுவன. ஆதலின் அவற்றின் ஏற்புடைமை அதனினும் குறையுடையது. பரிசிலுக்கு வாயிலாகும்போது எளிதில் திரிக்கப்படுவன. எனினும், மக்கள் எதனை எப்போது பகிர்ந்தனர் என்பதற்கு அவற்றின் அடியிலுள்ள எண்ணிக்கைகள் சான்றாக நிற்கும். அவை சாட்சியாதற்கு உரியன. நடுவராதற்கு உரியன அல்ல என்பது இதுகாறும் கூறியவாற்றான் விளங்கும்.

எம்மிடம் வந்த மாணவர் தம் திட்டத்தை இப்போது மாற்றியமைத்துள்ளார். பதின்மர் பட்டியல் கைவிடப்பட்டது. அவர்களுள் மூவருடைய கவிதைகள் பின்வந்தோர் யாப்பிலும் சொல்லாட்சியிலும் விளைத்த மாற்றத்தை ஆராயப் புகுந்துள்ளார். இதற்கு முன்னையினும் நெடுங்காலம் வேண்டும். நூல்களை வரிவரியாகப் படித்தலும் வேண்டும். எண் ஒருபால் கோடாதன்றோ என்னும் அவர் வினாவுக்கு இன்று எம்மால் விடை கூற இயலும். எண் தானே கோடுவதன்று. எதனை எண்ணுவது, எதனை விடுவது எனத் தீர்மானிப்போர் மனிதரே. அத்தீர்மானத்தை ஆராயாமல் எண்ணை ஏற்றல் ஆய்வாகாது.